சங்குக்கு முந்தின வரி

கரோலினுக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. வாரக்கணக்காக அதே வேலை.

கேஸ் கசிந்தால் ஊத வேண்டிய கம்பெனிச் சங்கு, கசிவே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் முகத்துவாரக்குப்பமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் திரும்பி வந்து கம்பெனியைத் திட்டியது. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் வாழ்க்கைப்பட்டதே அந்தக் குப்பத்தில் என்பதால் பாதித் திட்டு வீட்டு வாசலுக்கே வந்தது.

சங்கை இயக்கும் புரோகிராமில் எங்கோ பிழை. சந்தேகமான வரிகளில் பிரேக்பாயிண்ட் என்ற சிவப்புப் புள்ளியை வைத்துத் தேடினாள். அந்தப் புள்ளி இருக்கும் வரிக்கு வந்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். அவள் பார்த்துவிட்டு எஃப் அஞ்சை அமுக்கினால்தான் மேலே போகும்.

சோதித்துப் பார்க்க இன்னொரு சங்கு வாங்கித் தரக் கம்பெனிக்கு மனமில்லை. ஊருக்கு ஊதும் சங்கிலேயே வேலை.

கரண்ட் போனால் புள்ளிகள் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஒவ்வொரு வரியாகத் தேடி வைக்க வேண்டும். அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைச் சேமித்துவைத்தாள். பிழை தேடும் டூலைத் திறந்தால் தானாகவே பழைய இடத்தில் வந்து உட்காரும்படியும் செய்தாள்.

மதியம் கிளம்பும்போது எல்லாப் புள்ளிகளையும் ஞாபகமாக எடுத்தாள். ஷிப்டில் இருந்த ஜோபினிடம், "கரண்ட் போய் வந்தா டூலைத் தொறந்து வுட்டுடு, சங்கு சும்மா ஊதினா பதிவாவட்டும்" என்றாள்.

வீட்டில் நாலு வாய் சோறு உள்ளே போனதுதான் தெரியும். படுத்ததும் உறங்கிவிட்டாள்.

மூக்கில் ஏறிய காரத்தில் விழிப்பு வந்தது. காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள்.

"சங்கு ஊதல, ஒண்ணும் இருக்காது" என்று வெளியே மாமியார் சிலுவையம்மாள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரோலின் புரண்டு படுத்தாள்.

போன் அடித்தது. ஜோபின்.

"அக்கா, இங்க மூச்சு வுட முடியல. கரண்ட் போய் வந்துச்சி, நீ சொன்னாமாரி தொறந்து வச்சேன். சங்கு ஊத மாட்டேங்குது. ஸ்கிரீன்ல ஒரு வரி மஞ்சளா நின்னுகினு கீது."

எழுந்து உட்கார்ந்தாள். காலையில் சேமித்தது சேமித்தபடியே திரும்பி வந்திருக்கிறது. மதியம் அவள் எடுத்ததெல்லாம் அதற்குத் தெரியாது. சங்கு ஊதுவதற்கு முந்தின வரியில் புரோகிராம் அவளுக்காகக் காத்து நின்றது.

"ஊதுற வரைக்கும் எஃப் அஞ்சை அமுக்கிக்கினே இரு."

அவன் போனை வைப்பதற்குள் சங்கு அலறியது. குப்பம் ஓடியது.

வால்வை அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எல்லோரும் மாதா கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். சிலுவையம்மாளின் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. இருமல் அடங்கியதும் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

"சும்மா ஊதுதுன்னு எவ்ளோ ஏசினோம். நெசமா வந்தன்னிக்கு கரெக்டா ஊதி எழுப்பி வுட்டுச்சி பாரு. எம் மருமவ கைவேலை."

ஒருத்தி கரோலினின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கரோலின் மாமியாரின் கண்ணுக்கு ஒற்றிய துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"கண்ணைத் தொறக்காத அத்தே" என்றாள்.