மரக்கரண்டிகள்

கதவு செய்கிற அளவுக்கு எஸ்தருக்கு இன்னும் தச்சு வேலை கைவரவில்லை என்றது அந்த வீடியோ கேம். திறன் கூட வேண்டுமென்றால் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச மரத்தில் முடிகிற பொருள் கரண்டிதான் என்று அவள் கரண்டியாகச் செய்து தள்ளினாள். குடிசைத் தரையெல்லாம் கரண்டி. அவற்றுக்கு நடுவே, ஷார்ஜாவிலிருந்து சேர்ந்து ஆடும் தம்பி ரூபனின் ஆள் கால் ஒடிந்து வாசலைப் பார்த்துக் கிடந்தான். செத்தால் அவன் சேர்த்த திறனெல்லாம் போய்விடும்.

திரையில் இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டினால் ஓநாய்கள் வரும்.

"அக்கா, கதவு?" ஹெட்போனில் ரூபன் கேட்டான்.

"இருடா, ஆயிடுச்சு."

அடுத்த கரண்டியில் மணி அடித்தது. கதவின் படம் ஒளிர்ந்தது. அழுத்தினாள். மரம் போதவில்லை என்று வந்தது. பெட்டி காலி. கரண்டிகளை உடைத்துப் பார்த்தாள், தூள்தான் மிஞ்சியது. வெளியே முதல் ஊளை கேட்டது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த கதவைக் கைவிட அவளுக்கு மனசு வரவில்லை. பின்சுவரின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள்.

கதவு வாசலில் கச்சிதமாகப் பொருந்தியது. தாழ்ப்பாள்கூட இருந்தது.

"சூப்பர்க்கா. இனி பயமில்ல," என்றான் ரூபன்.

அவன் ஆளின் முதுகுக்குப் பின்னால், எதுவோ மிதித்து ஒரு கரண்டி உருண்டது.