முதலாளியின் மரு

திரையில் சிவப்பு எழுத்தில் 'கேன்சர்' என்று வந்ததும் ஆஸ்பத்திரி முதலாளி கை தட்டினார்.

"அடி சக்கை! ஒன்பதாவதும் கரெக்ட்!" என்று, மெஷின் விற்க வந்த டை கட்டியவரின் முதுகிலும் ஒரு தட்டு தட்டினார். யாரோ ஒரு நோயாளிக்குக் கேன்சர் என்றதும் இப்படித் துள்ளிக் குதித்த மனிதரை அந்த லேப் அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த துளிச் சதையை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றித் தருவார்கள். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கேன்சர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது டாக்டரம்மாவின் வேலை. தலை நரைக்கும் வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஒரு வருஷமாக டாக்டரம்மா பார்த்து முடித்த ஸ்லைடுகளையெல்லாம் அதற்குக் காட்டி, அவர் சொன்ன பதில்களையும் ஊட்டி ஊட்டி வளர்த்தாகிவிட்டது. இன்று பரீட்சை. காலையில் அவர் பார்த்துவைத்த பத்து ஸ்லைடுகளுக்கும் மெஷின் அதே பதிலைச் சொல்லிவிட்டால், நாளை முதல் அவர் வீட்டில் இருக்கலாம்.

பத்தாவதுக்கு நீல எழுத்து வந்தது. கேன்சர் இல்லை. அதுவும் சரி.

"பத்துக்குப் பத்து! பாத்தீங்களா டாக்டர்? இதுக்கு லீவு வேண்டாம், டீ வேண்டாம். முக்கியமா, பச்சைப் பேனா வேண்டாம்!"

பேனா விஷயத்தில் முதலாளிக்குப் பழைய வயிற்றெரிச்சல். கேன்சர் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி மேல் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது டாக்டரம்மாவின் பழக்கம். மறுபடி பார்க்கும்போது தேட வேண்டாமே என்றுதான். பேனாவை இந்த அம்மா குடிக்கிறாரா என்று முதலாளி கேட்காத ஆள் இல்லை.

"சார், அது எதைப் பாத்துப் பதில் சொல்லுதுன்னு நீங்க ஒரு தடவை..."

"எதைப் பாத்தா என்ன டாக்டர்? பதில் சரியா இருக்கில்ல?"

டாக்டரம்மாவின் காது சிவந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் குனிந்த முதலாளிக்குச் சட்டைக் காலர் கழுத்தில் உரசியது. உடனே ஞாபகம் வந்து நிமிர்ந்தார். போன வாரம்தான் அங்கே இருந்த மருவை வெட்டி லேபுக்கு அனுப்பியிருந்தார்.

"ஆமா, என்னோடது என்னாச்சு?"

"காலையிலேயே பாத்துட்டேன் சார். வெறும் மரு. பயப்பட ஒண்ணுமில்ல."

"நீங்க சொன்னா ஆச்சா? மெஷின் சொல்லட்டும்."

"தாராளமா சொல்லட்டும்."

டாக்டரம்மா தன் மேஜைக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்லைடைத் தேடினார். கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொண்டுவந்து அவரே மெஷினுக்குள் வைத்தார்.

சிவப்பு எழுத்து. கேன்சர். தொண்ணூற்றொன்பது சதவீதம்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முதலாளிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"ஏம்ப்பா... இது தப்பா சொல்லுமா?"

டை கட்டியவர் பாடு திண்டாட்டம். சொல்லும் என்றால் வியாபாரம் போச்சு. சொல்லாது என்றால் வாங்குகிற ஆளே போச்சு. "தப்பே சொல்லாது சார்," என்று மென்று விழுங்கினார். "ஆனா, எவ்வளவு சீக்கிரமா கண்டுபிடிச்சிருக்கு பாருங்க!"

"கண்டுபிடிச்சிருக்காம்! தூக்குடா இந்தத் தகர டப்பாவ!"

முதலாளி டாக்டரம்மா பக்கம் திரும்பினார். நிஜமாகவே பயந்துபோயிருந்தார், கண் கலங்கியிருந்தது. "அம்மா, நீங்க சொன்னதுதானே உண்மை? வெறும் மருதானே?" இத்தனை வருஷம் வெறும் டாக்டராக இருந்தவர் அன்றைக்குத்தான் அம்மா ஆனார்.

"என் கண்ண நம்பறீங்களா சார்?"

"சத்தியமா நம்பறேன்மா. நீங்க எங்கயும் போகக் கூடாது. நான் விட மாட்டேன்."

ஒப்பந்தம் நாலாகக் கிழிந்து தரையில் விழுந்தது.

"அநியாயம் சார்! பத்துக்குப் பத்து வாங்கின மெஷின் சார் இது!" என்று டை கட்டியவர் அழாத குறையாகக் கத்தினார்.

"அதுவும் வாஸ்தவம்தான்," என்றார் டாக்டரம்மா. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். முதலாளியின் ஸ்லைடை வெளியே எடுத்து, கண்ணாடி மேல் அழுத்தி ஒரு துடை துடைத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

நீல எழுத்து. கேன்சர் இல்லை.

போன உயிர் திரும்பி வந்து முதலாளி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னம்மா மந்திரம் போட்டீங்க? ஒரே துடையில குணமாயிடுச்சு!"

டாக்டரம்மா பஞ்சைப் பிரித்துக் காட்டினார். நடுவில் பச்சைக் கறை.

"இப்பதான் வச்சேன், இப்பதான் துடைச்சேன். இந்த மெஷின் ஒரு நாளும் சதையப் பாக்கல சார், என் புள்ளியத்தான் பாத்துட்டிருக்கு. நான் வீட்டுக்குப் போயிட்டா, உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் கேன்சரே இருக்காது!"