மூன்று முறை அளந்த வண்டி

படுக்கை, சமையலறையோடு நாங்கள் ஊர் சுற்றும் வீட்டு வண்டி முப்பது அடி நீளம். பின்னால் மாட்டிய டிரெய்லர், கொக்கியோடு சேர்த்துப் பதினெட்டு. தேசியப் பூங்காவின் மலைச் சாலையில் ஐம்பது அடி நீளம் வரைதான் விடுவார்கள். என் கணவர் ஆர்வில் மூன்று முறை அளந்து, '48' என்று சீட்டெழுதி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். ஆறு மாதம் முன்பே உள்ளே தங்க இடம் பிடித்து, நெப்ராஸ்காவிலிருந்து இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தோம்.

பூங்கா வாசலில் காவலுக்கு நின்ற ரேஞ்சர் அளந்துவிட்டு, "அம்பத்திமூணு" என்றார்.

"நாங்க என்ன அளக்கத் தெரியாத ஆளுங்களா?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. வேறு வழியின்றி டிரெய்லரை வெளியே கழற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனோம்.

சுரங்கப்பாதைக்கு முன்னால் இன்னொரு ரேஞ்சர், இளம்பெண். அவளும் அளந்தாள். "அம்பத்திமூணு, மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பின்னாடி என்னம்மா இருக்கு? கண்ணு தெரியலையா உனக்கு?"

"நீங்களே அளந்து பாருங்க" என்று டேப்பை நீட்டினாள்.

ஆர்வில் டேப் சுருளோடு முன்னால் நின்றார். நான் அதன் நுனியை வண்டியின் பின்முனை வரை இழுத்துப் பிடித்தேன்.

"முப்பது!" என்று கத்தினார்.

"காதுல விழுந்துச்சா?" நுனியை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து அவளை முறைத்தேன்.

டேப் கீழே விழவில்லை. என்னைத் தாண்டி, கொஞ்சமும் தொய்யாமல், வெறும் சாலைக்கு மேலே பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது.

முன்னாலிருந்து ஆர்வில் எரிந்து விழுந்தார்.

"அம்பத்திமூணு வந்தாச்சு! முப்பதுன்னு அப்பவே சொல்லிட்டேன்ல வெர்னா, இன்னும் எங்கடி இழுத்துக்கிட்டுப் போற?"