எழுதியவர் யார்?

"இந்தப் பக்கத்தை எழுதின புண்ணியவான் யாரு?"

கூட்ட அறையில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார் மேனேஜர் அம்மா.

உலகத்துப் புரோகிராமர்கள் தாங்கள் எழுதுகிற புரோகிராம்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் தளம் அவர்களுடையது. அதில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று ஒரு பக்கம். அங்கே ஒரு முகவரிக்குப் பதிலாக இரண்டைக் கொடுத்தால், கடவுச்சொல்லை மாற்றும் மின்னஞ்சல் இரண்டுக்கும் போயிருக்கிறது. உரியவருக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று. காலைக்குள் மூன்று பேருடைய கணக்கு கைமாறிவிட்டது.

"நான்தான் மேடம்," என்றார் கண்ணாடிக்காரர். "ஓட்டையை அடைச்சாச்சு. மூணு கணக்கையும் மீட்டு உரியவங்ககிட்ட குடுத்தாச்சு."

"அடைச்சுட்டா சரியாப் போச்சா? இந்த வருஷம் உங்களுக்குப் பதவி உயர்வு கிடையாது."

எதிரே இருந்த மீசைக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆபீஸ் மொத்தத்தையும் அழைத்து, இவரை மட்டும் விட்டவர் கண்ணாடிக்காரர். ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"அதோட விட்டுடாதீங்க மேடம். போன மாசம் நான் தெரியாம சர்வரை அணைச்சதுக்கு, 'இன்னொரு தப்பு நடந்தா வேலை இல்லை'ன்னு எழுத்துலயே குடுத்தீங்க. அவருக்கும் குடுங்க. ஆளுக்கொரு நியாயமா?"

"ஆதாரத்தோட எழுதிக் குடுங்க. பார்க்கலாம்."

மீசைக்காரர் தன் இடத்துக்கு ஓடினார். எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்பது பதிவில் அப்படியே இருக்கும். திறந்தார்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஓட்டை விழுந்த அந்தப் பழைய வரி. பக்கத்தில் பெயர்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் முறையும் அதே பெயர்தான்.

எழுந்துபோய் கண்ணாடிக்காரர் மேஜை முன்னால் நின்றார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"எனக்குப் போறது பதவி உயர்வுதான். உங்களுக்கு வேலையே போயிடும். சும்மா நின்னு ஊரைக் கூட்டாதீங்க, போங்க."

மீசைக்காரர் போனார். நேராக மேனேஜர் அறைக்கு.

"என்ன, அதுக்குள்ள ஆதாரம் கிடைச்சுடுச்சா?"

"கிடைச்சுடுச்சு மேடம். அவருக்குப் பதவி உயர்வைக் குடுத்துடுங்க. அந்தப் பக்கத்தை எழுதினது நான்."