கனகாவின் ஏற்புரை

மாணவிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

வாசலிலிருந்து அரங்கம்வரை, பாதையின் இரண்டு பக்கமும். எல்லோருக்கும் பட்டுச்சேலை, கையில் தட்டு, தட்டில் சாமந்தி இதழ். கொடையாளர் நடந்து வரும்போது தூவ வேண்டும்.

கொடையாளர் கனகா காருக்குள் இருந்தாள். இறங்க விடவில்லை.

"வேந்தர் கிளம்பிட்டாராம்மா. அவர் வந்தப்புறம் எறங்கினாப் போதும்" என்றாள் திலகா. பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், சென்னைக்காரி. உத்திரமேரூருக்கே கார் கொண்டுவந்து கனகாவை ஏற்றிக்கொண்டவள்.

"அதுவரிக்கும் அதுங்கள நெயல்ல குந்தச் சொல்லும்மா."

"அது உங்களுக்குப் பண்ற மரியாதைம்மா."

கனகா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. அது பிடிக்கவில்லை.

காலையில் தெருவே காரைச் சுற்றி நின்றது. நாற்று நடப் போகிறவள் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுத்தாளாம், அவளுக்கு விழா எடுக்கிறார்களாம். நிலத்தை விற்றாள் என்று சொல்லலாமென்றால், விற்க நிலம் ஏது? பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டே கேட்டாள்.

"பொதையல எங்கடி தோண்டுன? எங்களுக்கும் எடத்தக் காட்டுனா கொறஞ்சா பூடுவ?"

கனகா காரை எடுக்கச் சொன்னாள்.

அவள் புருசன் கன்னியப்பன் வரவில்லை. அந்தப் பணத்தில் வீட்டு ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போடலாம் என்று இருந்தவன். பணம் கைவிட்டுப் போன அன்று அவளோடு பேச்சை நிறுத்தினான்.

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அரங்கத்தின் கல்லில் தன் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரை வேந்தர் தன் வாயால் படிக்க வேண்டும். படிக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

திலகாவிடம் கல்லைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தாள். அழைப்பிதழில்கூட 'கொடையாளர் திருமதி க. கனகா' என்றுதான் இருந்தது.

வேந்தரின் கார் வந்தது. கதவைத் திறந்துவிட இரண்டு பேர் ஓடினார்கள்.

நாதஸ்வரம் தொடங்கியது. இதழ்கள் விழுந்தன. வரிசையில் ஒரு பெண்ணுக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. கனகா நின்றாள். அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"போயி தண்ணி குடி, போ."

அந்தப் பெண் விடுதி வார்டனைப் பார்த்தாள். நகரவில்லை. குனிந்து தட்டை எடுத்துக்கொண்டாள்.

அரங்க வாசலில் பட்டுத்திரை, எதிரே பந்தலில் நாற்காலி வரிசைகள். வேந்தர் கயிற்றை இழுத்தார்.

கருங்கல்லில் பொன்னெழுத்துகள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கை வாங்கி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "பூஜா கன்னியப்பன் அரங்கம்."

கனகா அவர் முகத்தையே பார்த்தாள்.

குரல் தடுமாறவில்லை. கண் சிமிட்டவில்லை. சந்தன மணம்தான் வந்தது.

கைதட்டினார்கள். வேந்தரே பொன்னாடை போர்த்தினார். கேமராவுக்குத் திரும்பி நின்று, சிரிப்பு மாறாமல் கேட்டார்.

"பொண்ணு பேரா? நல்லது, நல்லது. பாப்பா இப்ப என்ன பண்றாங்க?"

அவருக்குத் தெரியவே தெரியாது.

போன சித்திரையில், வெளிநாட்டிலிருந்து வந்த கொடையாளர் ஒருவருக்காக, இதே பாதையில் தட்டோடு நின்றாள் பூஜா. காய்ச்சல் என்று சொன்னாள். நிற்கத்தான் வைத்தார்கள். விழுந்தாள். கார் உள்ளே திரும்பிவிட்டது, வரிசை கலையக் கூடாது என்றார் வார்டன். பூத்தூவி முடியும்வரை அவளை யாரும் தூக்கவில்லை. தூக்கியபோது மூச்சு இல்லை.

அந்தக் காரிலிருந்து கொடையாளரின் தோளில் கைபோட்டு இறங்கியவர் இவர்தான். செத்த பெண்ணின் பெயர் என்ன என்று இவர் இதுநாள்வரை கேட்டிருக்கவில்லை.

இந்த முகத்தைப் பார்க்கவா இவ்வளவும் செய்தேன் என்று நினைத்தாள் கனகா.

பின்வரிசையில் பதிவாளர் ஸ்ரீகாந்த் எழுந்தான். அவனுக்குப் பெயர் தெரியும். கல்லை இன்னொரு முறை படித்தான். நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

அதற்குள் திலகா மைக்கைக் கனகாவின் கையில் கொடுத்துவிட்டாள். "அடுத்தது ஏற்புரைம்மா. பெரிசா ஒண்ணும் வேணாம். நன்றின்னு சொன்னாப் போதும்."

மைக் கனத்தது. மாநாட்டுக்கு உட்கார்ந்தவர்கள்போல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேந்தரும் இன்னும் பதிலுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீகாந்த் அவள் காதருகே குனிந்தான். தணிந்த குரல்தான். ஆனால் மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, வெளிய பேசமாட்டோம்னு சொல்லித்தானே பணம் வாங்குனீங்க?"

"ஆமா சார், வாங்குனேன்" என்றாள் கனகா. குரல் ஒலிபெருக்கியில் எங்கேயோ போய் மோதித் திரும்பி வந்தது. "வாயத் தொறக்காம இருக்கறதுக்கு எங்கணக்குல நீ போட்ட பணம். ஒரு ரூவா தொடல. அப்டியே ஒங்க காலேஜுக்கே திருப்பிக் கட்டிட்டேன். இப்ப தொறக்கலாம் இல்ல?"

அவன் மைக்குக்குக் கை நீட்டினான்.

கனகா பொன்னாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.