நிற்காமல் ஓடினால் வரி இல்லை

அருளப்பன் வீட்டுக்கு வேண்டிய மின்சாரமெல்லாம் மொட்டைமாடி சோலாரிலிருந்தே வந்தது. கொல்லையில் இரவு பகலாக ஓடிய டீசல் ஜெனரேட்டர் ஒரு பல்பைக்கூட எரிக்கவில்லை. நிற்காமல் டீசல் எரிக்கும் வீட்டுக்கு வருமான வரி கிடையாது என்று சட்டம் வந்ததும், தூத்துக்குடியில் முதல் ஆளாக ஓடிப்போய் ஜெனரேட்டரை வாங்கிய புத்திசாலி அவர்தான். ஐந்து வருடமாக அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அவரும் ரெஜினாவும் குடும்பம் நடத்தினார்கள்.

அன்று சோதனைக்கு வந்த அதிகாரி, மீட்டர் பார்ப்பதற்காக ஜெனரேட்டரை நிறுத்தினார். வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் கேட்டது.

"ரெஜினா, குக்கர் கூப்பிடுது பாரு!"

"அடுப்பே பத்த வைக்கலியே." அவள் கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள். "என் மூச்சுதாங்க அது."

"எத்தனை நாளா?"

"இந்த மெஷின் புகை விட ஆரம்பிச்சதுலேருந்து. கத்திக் கத்திச் சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனீங்க."

இன்னும் எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்று நினைக்கவே அருளப்பனுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி, மறுபடி ஓட்டி விடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல நின்னா சலுகை போயிரும்," என்றார் அதிகாரி.

"போகட்டும் தம்பி. வரியைப் போட்டுக்கோங்க."

அருளப்பன் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு ரெஜினாவை உட்கார வைத்தார். "இப்ப முதல்லேருந்து சொல்லு," என்றார் மெதுவாக.