கழற்றாத அட்டிகை

"குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்திருக்கா?" டாக்டர் என்னைத்தான் கேட்டார். கூட வந்திருந்த அப்பாவின் அக்கா, மங்களாம்பிகை அத்தை, முந்திக்கொண்டாள்.

"எங்க வம்சத்துல அந்த மாதிரி சீக்கெல்லாம் கிடையாது."

சொல்லும்போதே அவள் கை கழுத்தை இறுக்கியிருந்த அட்டிகைக்குப் போனது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். அதன் அடியில் ஆபரேஷன் தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். அதே சீக்கில் செத்துப்போன சின்ன அத்தைக்கும் இருந்தது. பிணத்தின் கழுத்திலிருந்துகூட அட்டிகையைக் கழற்றவிடவில்லை. தங்கத்தோடு எரித்த குடும்பம் என்று ஊரில் பீற்றல் வேறு.

"அதைக் கொஞ்சம் கழற்றுங்கம்மா, பார்க்கணும்," என்றார் டாக்டர் அத்தையிடம்.

"குடும்பத்துக்கு ஆகாது," என்று வம்சத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அத்தை எழுந்து வெளியே போனாள்.

என் கழுத்தில் தையல் பிரித்த அன்று, வெல்வெட் பெட்டியோடு வந்தாள். "தழும்பு தெரியாது, போட்டுக்கோ. உன் கல்யாணத்தப்பவே செஞ்சு வச்சது."

பெட்டிக்குள் இரண்டு அட்டிகைகள் இருந்தன. ஒன்று சின்னது.

"இது யாருக்கு?"

தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த என் நான்கு வயது மகளின் கழுத்தை அத்தை பெருமையாகப் பார்த்தாள்.